தீப்பெட்டி ஊரில் அறிவியல் யாருக்கு?

ஹாக்கி மட்டையைத் தூக்கிக்கொண்டு கூச்சமில்லாமல் மைதானத்தில் இறங்குகிற கரிசல் பிள்ளை, அறிவியல் கண்காட்சி நடக்கிற வாசலில் மட்டும் ஏன் தயங்கி நிற்கிறது?

சைக்கிள் வால்வு டியூப் கொஞ்சம், தீக்குச்சி ஒரு கைப்பிடி. டியூப்பைச் சின்னச் சின்னதாக நறுக்கி, குச்சிகளை அதில் செருகி இணைத்தால் முக்கோணம் வரும், சதுரம் வரும், கூரை வரும், பாலம் வரும். சதுரத்தை விரலால் தள்ளினால் சரிந்துவிடும். முக்கோணத்தை எவ்வளவு தள்ளினாலும் அசையாது. மின்கோபுரத்திலும் ரயில் பாலத்திலும் ஏன் இத்தனை முக்கோணங்கள் என்று அதன் பிறகு ஒரு பிள்ளைக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா, 1978-ல் வேலைக்கு ஒரு வருடம் விடுப்புப் போட்டுவிட்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளுக்குப் போனபோது கண்டுகொண்ட விளையாட்டு இது. பிறகு புத்தகமாகி, பல மொழிகளுக்குப் போனது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இந்தியாவில் தீக்குச்சி என்றால் அது கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் செய்ததாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அவர் ஹோஷங்காபாத்தில் குச்சியை அடுக்கிக் காட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில் இங்கேயும் பிள்ளைகள் கையில் குச்சி இருந்தது. விடியுமுன் ஊருக்குள் வந்து நிற்கும் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் தூக்கக் கலக்கத்தோடு ஏறிப்போய், சட்டத்தில் குச்சி அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், பிள்ளையை ஆபத்தான வேலைக்கு வைத்த முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. பஸ்கள் மெல்ல மெல்லப் பிள்ளைகளை ஏற்றுவதை நிறுத்தின. அன்று குச்சி அடுக்கியவர்களின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும்தான் இன்று கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலை, விளாத்திகுளம் பக்கத்து அரசுப் பள்ளிகளில் ஒன்பதாவதும் பத்தாவதும் படிக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்துக்குள் அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தாயிற்று. பள்ளிக்கு வெளியே நடக்கிற அறிவியலுக்குள், அதாவது கண்காட்சி, முகாம், வான்நோக்கு இரவு, போட்டி என்று நடப்பவற்றுக்குள் சேர்த்தோமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

மைதானம் செய்ததை மன்றம் செய்யவில்லை

கோவில்பட்டி ஹாக்கி ஊர். 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இந்த ஊர்ப் பையன் மாரீஸ்வரன் சக்திவேல் இருந்தார். அகில இந்தியப் போட்டி இங்கே நடக்கிறது, செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது. இதெல்லாம் வருவதற்கு முன்பே கட்டாந்தரையில் ஆடிய ஊர் இது.

ஏழைப் பிள்ளைக்கு அந்த மைதானத்தில் ஏன் அந்நியம் தோன்றுவதில்லை? அங்கே நுழைவுத் தேர்வு கிடையாது. தினமும் நடக்கும், இன்று விட்டால் நாளைக்குப் போகலாம். மட்டை இல்லையென்றால் யாராவது ஒரு அண்ணன் தன் பழைய மட்டையைக் கொடுப்பார். அந்த அண்ணன் பக்கத்துத் தெருக்காரராகத்தான் இருப்பார். பையன் முதல் நாள் போய் நிற்கும்போதே தன்னை மாதிரி ஒருவன் அங்கே பந்தைத் தள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிடுகிறான். ஹாக்கியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. உள்ளே போவதற்கு அங்கே கூச்சம் குறைவு, அவ்வளவுதான்.

இப்போது ஒரு அறிவியல் விழாவைப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு நாள். பேனர், குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர். பொன்னாடை போர்த்தி முடிக்கவே ஒரு மணி நேரம். பிள்ளைகள் வெயிலில் வரிசையாக உட்கார்ந்து கைதட்ட வேண்டும். மேஜை மேல் இருக்கிற மாதிரிகளில் எது பிள்ளை செய்தது, எது அப்பா கடையில் வாங்கியது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். பரிசு இரண்டாவது வகைக்குப் போகும். கிராமத்துப் பள்ளியிலிருந்து அட்டையும் பசையுமாக வந்த பிள்ளை அன்று ஒன்றைக் கற்றுக்கொண்டு போகிறது, ‘இது நமக்கு இல்லை’ என்று.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டும் அல்ல. இங்கிலாந்தில் லூயிஸ் ஆர்ச்சர் தலைமையில் 2009-ல் தொடங்கிய ‘ஆஸ்பயர்ஸ்’ என்ற நீண்ட ஆய்வு பத்து வயதுப் பிள்ளைகளிலிருந்து தொடங்கியது. அறிவியல் பிடிக்குமா என்று கேட்டால் பெரும்பாலோர் பிடிக்கும் என்றார்கள். விஞ்ஞானி ஆவாயா என்றால் சுமார் 15 சதவீதம் பேர்தான் ஆம் என்றார்கள். ஆர்வம் குறைந்து போனதால் விலகுவதில்லை. வீட்டில், தெருவில், உறவில் அப்படி ஒருவரும் இல்லாததால், அது வேறு யாருக்கோ உரியது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இங்கிலாந்துப் பிள்ளைக்கே அப்படியென்றால், அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கும் அப்பா சித்தாள் வேலைக்கும் போகிற வீட்டில் என்ன சொல்ல?

எட்டாம் வகுப்போடு நிற்கும் வண்டி

தமிழக அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2021 அக்டோபர் 27-ல் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’, சாயங்கால நேரத்தில் பிள்ளைகளின் தெருவுக்கே வந்தது. பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள். மேலே சொன்ன ஹாக்கி அண்ணனின் இடத்தில் ஒரு அக்கா. 2022 நவம்பர் 28-ல் திருச்சியில் தொடங்கிய ‘வானவில் மன்றம்’, கருத்தாளர்களைச் சோதனைப் பொருட்களோடு அரசுப் பள்ளிகளுக்கு அனுப்பியது. இரண்டும் நல்ல திட்டங்கள்.

ஆனால் முதலாவது 1 முதல் 8-ம் வகுப்பு வரைக்கும், இரண்டாவது 6 முதல் 8-ம் வகுப்பு வரைக்கும் என்றே வகுக்கப்பட்டன. ஒன்பதாவதுக்குப் போனதும் பிள்ளையை வண்டி இறக்கிவிட்டுவிடுகிறது. அதற்குப் பின் ‘நான் முதல்வன்’ இருக்கிறதே என்றால், அது மேற்படிப்புக்கும் வேலைக்கும் வழிகாட்டுவது. கேள்வி கேட்டுத் திரிகிற சுகத்துக்கு அதில் இடம் குறைவு. பதினான்கு வயதில்தான் பெண் பிள்ளையின் நடமாட்டம் சுருங்குகிறது, பையன் லீவு நாளில் கூலிக்குப் போகிறான், பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வு எல்லாவற்றையும் விழுங்குகிறது. கை நீட்ட வேண்டிய வயதும் அதுதான்.

இங்கே எழுத்தாளர் கி. ராஜநாராயணனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். கரிசல் சனங்கள் வாயில் புழங்கிய சொற்களை ஆண்டுக்கணக்கில் சேகரித்து, அடுக்கி, பொருள் எழுதி, வட்டார வழக்கு அகராதி ஒன்றைக் கொண்டுவந்தார். அதைக் கள ஆய்வு என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? பின்னாளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக்கியது. அவருக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்தது எந்தத் திட்டமும் இல்லை. மடத்துத் திண்ணைப் பேச்சும், அதே ஊரில் எழுத்தாளர் கு. அழகிரிசாமி போன்ற ஒரு கூட்டாளியும்.

பொறுக்கி எடுப்பது வேறு, சேர்த்துக்கொள்வது வேறு

பெரிய நிறுவனங்களின் கதவு எப்படித் திறக்கிறது என்று பார்ப்போம். இஸ்ரோ 2019 முதல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ‘யுவிகா’ என்ற இளம் விஞ்ஞானி முகாம் நடத்துகிறது. தேர்வு முறையில் ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் படிக்கிறவர்களுக்கு 15 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள். பாராட்ட வேண்டும். ஆனால் 50 சதவீதம் எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு. மீதியில் அறிவியல் கண்காட்சியில் கலந்துகொண்டதற்கு, ஒலிம்பியாடுக்கு, இணைய வினாடி வினாவுக்கு என்று பங்கு. ஏற்கெனவே கண்காட்சி, ஒலிம்பியாட் என்று போய்வந்த பிள்ளைக்குத்தான் இந்த முகாமின் கதவும் லேசாகத் திறக்கிறது. மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறது. கேட்பது சமவெளிப் பள்ளிகளில் 1,500 சதுர அடி இடம். இரண்டு வகுப்பை ஒரே அறையில் வைத்து நடத்துகிற கிராமத்துப் பள்ளி எங்கே போகும் அதற்கு?

2022 ஆகஸ்ட் 7 அன்று ‘ஆசாதிசாட்’ என்ற சின்னச் செயற்கைக்கோளை எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் சுமந்து போனது. 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் அதற்கான பாகங்களில் கை வைத்திருந்தார்கள். மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசுப் பெண்கள் பள்ளியும் அதில் ஒன்று. ராக்கெட் சரியான சுற்றுப்பாதையில் விடவில்லை, செயற்கைக்கோள் வீணாகிவிட்டது. 2023 பிப்ரவரி 10-ல் இரண்டாவது செயற்கைக்கோள் வெற்றிகரமாகப் போய்ச் சேர்ந்தது. மாணவிகளுக்கு இது கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். கூடவே ஒன்று: ஒரு பள்ளிக்குப் பத்துப் பேர். பதினோராவது பெண் சன்னல் வழியாகப் பார்த்தாள்.

கோவில்பட்டி இருக்கிற இதே தூத்துக்குடி மாவட்டத்தில், குலசேகரன்பட்டினத்தில், நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளம் வருகிறது. 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். தேசிய அறிவியல் தினம் அன்று. வேலி போடுகிற வேலைக்கும் காவல் வேலைக்கும் மட்டும் உள்ளூர்ப் பிள்ளைகள் போவதா என்பதை இப்போதே யோசித்தால் நல்லது.

இவற்றோடு ஒப்பிட, பழைய ஏற்பாடு ஒன்று இன்னும் கண்ணியமாகத் தெரிகிறது. 1993 முதல் நடக்கிற தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. தமிழ்நாட்டில் அதைப் பட்டிதொட்டிக்குக் கொண்டுபோனது 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம். ‘துளிர்’ என்ற சிறுவர் அறிவியல் மாத இதழை 1987 முதல் நடத்துகிறவர்களும் அவர்களே. மாநாட்டின் விதிகளில் இரண்டு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 10 முதல் 17 வயது வரை யாரும் வரலாம், பள்ளிக்குப் போகாத பிள்ளையும் வரலாம். ஆய்வைத் தாய்மொழியில் எழுதலாம், பேசலாம். அதோடு, தன் ஊரில் போய்ப் பார்த்து, கேட்டு, அளந்து வந்ததைத்தான் சொல்ல வேண்டும். கடையில் வாங்கிய மாதிரி அங்கே செல்லாது. ஊர்க் கண்மாயில் எத்தனை மாதம் தண்ணீர் நிற்கிறது என்று அளந்த பிள்ளைக்கு, நகரத்துப் பிள்ளையைவிடக் கூடுதல் தகுதி தானாக வந்துவிடுகிறது.

அங்கேயும் குறை உண்டு. வழிகாட்டி ஆசிரியர் ஆர்வமாக இருந்தால் பள்ளி வரும், அவருக்கு மாறுதல் வந்தால் பள்ளி காணாமல் போகும். படிப்பை நிறுத்திய பிள்ளைக்கு விதியில் இடம் இருக்கிறது. கூட்டி வர ஆள்தான் இல்லை.

பக்கத்தில் யார் உட்காருவது

தென் மாவட்டத்தில் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைப்பது பற்றி எழுதிவிட்டு சாதியைப் பற்றி எழுதாமல் போனால் அது ஏமாற்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவரோடு படித்த பையன்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிற்றுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, வகுப்பில் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில.

எட்டயபுரம் இதில் ஒரு விசித்திரமான ஊர். காமராஜர் ஆட்சியில் 1950களில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது இங்கேதான். அதே எட்டயபுரம் பக்கத்து உசிலம்பட்டியில் 2023 செப்டம்பரில், காலை உணவைச் சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் பிள்ளைகள் சாப்பிடாமல் இருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. கனிமொழி எம்.பி. அங்கே போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

சேர்ந்து சாப்பிடுவதற்கே இவ்வளவு பாடென்றால், சேர்ந்து ஒரு தொலைநோக்கியில் கண் வைப்பதற்கு? என் கணிப்பு, அது இதைவிடச் சுலபம். பள்ளி ஒரு ஊருக்குள் இருக்கிறது. அந்த ஊரின் தெருக்கள் வகுப்பறைக்குள்ளும் வந்துவிடுகின்றன. ஐந்தாறு ஊர்ப் பிள்ளைகள் பொதுவான இடம் ஒன்றில் கூடும்போது யார் எந்தத் தெரு என்பது உடனே தெரிவதில்லை. அந்த ஒரு மணி நேர அறியாமை பெரிய சொத்து. குழு பிரிக்கும்போது ஒரே பள்ளியையோ ஒரே ஊரையோ சேர்ந்தவர்களை ஒன்றாகப் போடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியை நடத்துகிறவர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். கருவியைத் தொடுவது யார், குறிப்பு எழுதுவது யார், தண்ணீர் எடுத்துவரப் போவது யார். கடைசி வேலை எப்போதும் ஒரே பிள்ளைக்குப் போகிறதென்றால் அந்த முகாமை மூடிவிடலாம்.

பெண் பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கோவில்பட்டி வந்துபோகக் காசு தடையில்லை. தடை, கடைசி பஸ் எப்போது என்பதும், கூட யார் வருகிறார்கள் என்பதும், கழிப்பறை இருக்கிறதா என்பதும்தான். வான்நோக்கு நிகழ்ச்சியை இரவு எட்டு மணிக்கு நகரத்தில் வைத்துவிட்டு, பெண்கள் ஆர்வம் காட்டுவதில்லை என்று சொல்லக் கூடாது. தொலைநோக்கியை ஊருக்கு எடுத்துப் போக வேண்டும். அம்மாவும் ஆச்சியும் வரிசையில் நின்று சனிக் கோளின் வளையத்தைப் பார்த்துவிட்டால், மறுமுறை பிள்ளையை அனுப்பச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்காது.

காலடி மண்

கரிசல் காட்டுப் பிள்ளைக்கு அறிவியல் வேறெங்கிருந்தும் வர வேண்டியதில்லை. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-ல் தொடங்கியது. மானாவாரிப் பருத்தியையும் சோளத்தையும் பற்றி நூறு வருடத்துக்கு மேல் அங்கே ஆராய்ச்சி நடக்கிறது. அதன் மதிலை ஒட்டி பஸ்ஸில் போகிற பிள்ளைகளில் எத்தனை பேர் உள்ளே போயிருப்பார்கள்?

இந்த மண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 700 மில்லிமீட்டரை ஒட்டி மழை, அதுவும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். ஆட்டுக்குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும் அகலத்துக்கு. மழை விழுந்ததும் வெடிப்பு மூடிக்கொள்ளும், செருப்பில் அரைப்படி மண் ஒட்டும். காரணம், இதிலிருக்கும் களித்துகள்கள் தாள் அடுக்கினது போல மெல்லிய அடுக்குகளாக இருப்பவை. தண்ணீர் அடுக்குகளுக்கு இடையில் புகுந்து உப்பச் செய்கிறது, காய்ந்தால் சுருங்குகிறது. வெடிப்பு வழியாக மேல்மண் உள்ளே விழ, அடியில் உப்பும் மண் மேலே தள்ள, உழாமலே மண் புரண்டுகொள்கிறது. வீட்டுச் சுவரில் விரிசல் விழுவதும் கிணற்றுச் சுவர் சாய்வதும் இதனால்தான். ஒரு கண்ணாடி டம்ளரில் உலர்ந்த கரிசல், இன்னொன்றில் செவல். இரண்டிலும் தண்ணீர் ஊற்றி, மறுநாள் உயரத்தை அளந்தால் போதும், ஆய்வு தொடங்கிவிட்டது. பார்வையில்லாத பிள்ளையும் விரலால் அளந்து சொல்ல முடியும். இதில் சம்சாரி வீட்டுப் பிள்ளை பேச ஆரம்பித்தால் டவுன் பிள்ளை வாயைப் பிளந்து கேட்க வேண்டியிருக்கும். தனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது என்ற அந்த நிமிடம்தான் ஒரு பிள்ளையை அந்த இடத்துக்குச் சொந்தமாக்குகிறது.

தீப்பெட்டியும் அப்படித்தான். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டையும் பிரித்து வைத்ததால்தான் சட்டைப் பையில் பயமில்லாமல் போட்டுக்கொள்கிறோம். முன்காலத்தில் வெள்ளைப் பாஸ்பரஸைக் கலந்து செய்தபோது ஐரோப்பியத் தொழிலாளிகளின் தாடை எலும்பு அழுகியது. 1906-ல் பெர்ன் நகரில் கூடி நாடுகள் அதைத் தடை செய்தன. வேதியியல், உடல்நலம், தொழிலாளர் உரிமை மூன்றும் அம்மா வேலை பார்க்கிற இடத்திலேயே இருக்கின்றன. (மருந்தை வீட்டில் கலந்து பார்க்கச் சொல்லவில்லை. அதைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டாம்.)

திருநெல்வேலியில் 1987 முதல் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. சுற்றுலாவில் ஒரு முறை போய் வந்தால் பிள்ளைகளுக்கு அது பொருட்காட்சி. அதன் ஆட்கள் மாதம் ஒரு ஞாயிறு கோவில்பட்டி நூலகத்துக்கு வந்தால் அது மன்றம். ஊரில் பொறியியல் கல்லூரி இருக்கிறது, கலைக் கல்லூரி இருக்கிறது. கிராமத்திலிருந்து வந்து அங்கே படிக்கிற அண்ணன்களும் அக்காக்களும் இருக்கிறார்கள். அவர்களில் இருபது பேர், அவரவர் ஊரில், மாதம் இரண்டு ஞாயிறு. மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம், முதல் பரிசு வேண்டவே வேண்டாம்.

தொடங்க நாள் வேண்டுமென்றால் வானமே குறித்துத் தருகிறது. கோவில்பட்டி 9.17 பாகை வடக்கில் இருப்பதால், வருடத்தில் இரண்டு நாள் உச்சியில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். நட்ட கம்புக்கு நிழல் விழாது. ஏப்ரல் 13, ஆகஸ்ட் 29 வாக்கில். ஏப்ரலில் முழுப் பரீட்சை குறுக்கே நிற்கும், ஆகஸ்ட் தோது. அன்று சென்னையில் ஒரு மீட்டர் கம்புக்கு உச்சிப் பொழுதில் ஏழு சென்டிமீட்டர் நிழல் இருக்கும். சென்னையிலிருக்கிற ஒரு சொந்தக்காரப் பிள்ளையிடம் போனில் அந்த அளவைக் கேட்டு வாங்கி, இரண்டு ஊருக்கும் இடையே தெற்கு வடக்கான 435 கிலோமீட்டரை வைத்துக் கணக்குப் போட்டால், பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர் என்று வந்துவிடும். இரண்டாயிரத்து இருநூறு வருடத்துக்கு முன் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் போட்ட அதே கணக்கு.

ஆசிரியர்களே, நூலகர்களே, கல்லூரிப் பிள்ளைகளே, வரும் ஆகஸ்ட் 29 பகல் பன்னிரண்டு மணிக்கு உங்கள் ஊர்ப் பொது இடத்தில் ஒரு கம்பை நேராக நடுங்கள். நிழல் மறைவது 12.20 வாக்கில். முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளை எப்படியும் வந்துவிடும். பத்தாவதில் தோற்றுப்போன பையனையும், படிப்பை நிறுத்தி வீட்டில் இருக்கிற பெண்ணையும் நீங்கள் நேரில் போய்க் கூப்பிடுங்கள்.